ஐந்தாவது கேள்வி

புதிதாக வேலைக்கு வருகிறவர்களை எனக்குப் பிடிக்காது. ரங்கூனில், போட்டாதாங் பகுதியில், படகுத்துறைக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த ஒரு தனியார் கிளினிக்கில், ஒன்பது வருடம் அவர்களைப் பழக்கி எடுக்கிற வேலை என்னுடையதாக இருந்தது. பிடிக்காத வேலையை ஒன்பது வருடம் செய்தால் மனுஷி எப்படி ஆவாள் என்று யாராவது கேட்டால் என்னைக் காட்டலாம்.

வருகிறவர்கள் நர்சுகளாக இருப்பார்கள், அல்லது ஹெல்த் அசிஸ்டன்டுகளாக இருப்பார்கள். டாக்டர் இல்லாத நேரத்தில் நோயாளியைப் பார்த்து மருந்து எழுத அவர்களை எடுப்பார்கள். எங்கள் டாக்டர் பகலெல்லாம் அரசாங்க வேலையில் இருந்தார். மாலை ஐந்து மணிக்கு மேல்தான் காரை விட்டு இறங்குவார். அதுவரைக்கும் காய்ச்சல், பேதி, மூட்டை தூக்கி இடுப்புப் பிடித்துக்கொண்டவன், படகில் வழுக்கி மண்டையை உடைத்துக்கொண்டவன் என்று எல்லாம் எங்கள் தலையில்தான் விடியும்.

பழக்குவதற்கு நான்கு வாரம். முதல் வாரம் என் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. இரண்டாம் வாரம் ஐந்து கேள்விகளை மனப்பாடம் செய்ய வேண்டும். என்ன செய்கிறது, எத்தனை நாளாக, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், வேறு என்ன நோய் உண்டு, எந்த மருந்தாவது இதற்கு முன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா. ஐந்தையும் பர்மிய மொழியில், மரியாதைச் சொல் ஒன்றுகூட விடாமல், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும். ஐந்தாவதை விட்டவர்களுக்கு மேசையில் ஸ்கேலால் ஒரு அடி விழும். மேசைக்குத்தான் அடி. ஆனால் முகத்தில் விழுந்த மாதிரி துள்ளுவார்கள். மூன்றாம் வாரம் மருந்து எழுதுவார்கள், நான் சிவப்புப் பென்சிலால் கோடிழுத்துக் கிழிப்பேன். நான்காம் வாரம் மருந்து கொடுக்கிற ஜன்னலில் நிற்க வேண்டும். அங்கே எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்லலாம், நோயாளியிடம் வேறு பேச்சு கிடையாது. அதன் பிறகு பத்து வரி உள்ள மதிப்பீட்டுத் தாளை நான் நிரப்பிக் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வீடு.

பெண்கள் கழிப்பறைக்குள் போய் அழுவார்கள். கண்ணைக் கழுவிக்கொண்டு வெளியே வருவார்கள். எனக்கு இரக்கம் வராது. நான் பழகின காலத்தில் எனக்கு யார் இரக்கப்பட்டார்கள்? முதுகுக்குப் பின்னால் என்னைக் ‘கலாமா’ என்பார்கள். இந்தியக்காரி என்று அர்த்தம். அவர்கள் சொல்கிற தொனியில் அதற்கு மேலும் கொஞ்சம் அர்த்தம் உண்டு. முகத்துக்கு முன்னால் ‘ஹொக்கே சயாமா’, சரிங்க டீச்சர்; ஆம்பளைக்கு ‘சயா’. அந்தப் பணிவையும் எனக்குப் பிடிக்காது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு மழைக்காலத்தில் மூன்று பேர் சேர்ந்து வந்தார்கள். இரண்டு பேர் இளம் நர்சுகள். மூன்றாவது ஆள் நாற்பது தாண்டிய ஹெல்த் அசிஸ்டன்ட். டெல்டாப் பக்கம் ஏதோ கிராமத்து சுகாதார நிலையத்தில் பதினான்கு வருடம் தனியாளாகக் குப்பை கொட்டியவர். பாம்புக்கடி, பிரசவம் எல்லாம் பார்த்தவர். மகளுக்கு ரங்கூனில் படிக்க இடம் கிடைத்ததால் குடும்பத்தோடு வந்திருந்தார். இந்த வேலை கிடைக்காவிட்டால் மறுபடி டெல்டாவுக்குத்தான் போக வேண்டும் என்று முதல் நாளே சொன்னார். கெஞ்சிச் சொல்லவில்லை. இன்று மழை வரும் என்பது போலச் சொன்னார். அப்போதே எனக்கு எரிச்சல்.

முதல் வாரம் கையைக் கட்டிக்கொண்டு ஒழுங்காக நின்றார். ஐந்து கேள்விகளை ஒரே மாலையில் மனப்பாடம் செய்தார். குற்றம் கண்டுபிடிக்க எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்றாம் வாரம் கிடைத்தது.

எங்கள் கிளினிக்கில் ஒரு வழக்கம் இருந்தது. டாக்டர் ஒவ்வொரு நாளும் கிளம்புமுன் மறுநாளைக்கு வேண்டிய மருந்துச் சீட்டுகளில் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போவார். வெற்றுச் சீட்டு, அடியில் கையெழுத்து, பக்கத்தில் முத்திரை. மேலே நாங்கள் எழுதிக்கொள்ள வேண்டியதுதான். ஜன்னலில் மருந்தை வாங்கியதும் சீட்டு திரும்பி வரும், கம்பியில் குத்தி வைப்போம். டாக்டர் கையெழுத்தைப் பார்த்தால்தான் நோயாளிக்குப் பாதி வியாதி இறங்கும். அது சரியா தப்பா என்று நான் யோசித்ததே இல்லை. ஒன்பது வருடத்தில் ஒருவரும் கேட்டதும் இல்லை.

அந்த ஆள் சீட்டுக் கட்டை இரண்டு கையாலும் எடுத்து என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

“சயாமா, எனக்குக் கையெழுத்துப் போடாத சீட்டு குடுங்க. நான் எழுதறதுக்குக் கீழ நானே போட்டுக்கறேன்.”

“ஏன், டாக்டர் கையெழுத்து ஒங்களுக்குக் கொறச்சலா?”

“அவர் பாக்காத ஆளுக்கு அவர் கையெழுத்து வேணாம் சயாமா.”

அந்த இரண்டு பெண்களும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஒன்பது வருடமாக நான் எழுதிய ஒவ்வொரு சீட்டையும் அவர் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்ட மாதிரி இருந்தது. வெற்றுத் தாள் கட்டு ஒன்றை அவர் முன்னால் விட்டெறிந்தேன். அன்று முதல் அவர் எழுதிய ஒவ்வொரு சீட்டிலும் அவருடைய முழுப் பெயரும் இருக்கும், வட்ட வட்டமான எழுத்தில், பள்ளிக்கூடப் பிள்ளை எழுதுவது போல. நோயாளிகள் முகத்தைச் சுளித்தார்கள். நான் சிவப்புப் பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டேன். தினமும் ஏதாவது ஒன்றைக் கிழித்தேன். சரியாக எழுதியதைக்கூட ஒரு முறை கிழித்தேன். அவருக்கும் அது தெரியும். மறுபடி எழுதிக் கொண்டுவந்து வைத்தார்.

டாக்டரிடம் சொன்னேன். ஆள் கிடைக்காத காலம், நான்கு வாரம் முடியட்டும் என்றார்.

நான்காம் வாரம் அவர் ஜன்னலில் நின்றார். அந்த வாரத்தில்தான் க்யிம்யிண்டைங்கிலிருந்து அக்கா வந்தார்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. க்யிம்யிண்டைங் மார்க்கெட்டில் தார்ப்பாயும் கயிறும் விற்கிற தமிழ் முஸ்லிம் குடும்பம் அவருடையது. அறுபது வயது இருக்கும். வீட்டுக்குப் பக்கத்திலேயே நான்கு கிளினிக் இருந்தும் பஸ் ஏறி எங்களிடம் வருவார். தமிழ் பேச ஆள் இருக்கிறது என்பதுதான் காரணம். அவர் பிள்ளைகளுக்குத் தமிழ் புரியும், பதில் பர்மிய மொழியில்தான் வரும். எனக்கும் அதே கதைதான். நான் குடியிருந்த தன்லியினில் மாதா கோயில் பூசை முடிந்து வாசலில் நிற்கிற பத்து நிமிடம்தான் எனக்கு வாரத்துக்கான தமிழ். அப்பா இருந்தவரை வீட்டில் ஒலித்தது, அவரோடு போயிற்று. அதனால் அக்கா வந்தால் எனக்கு முகம் மலர்ந்துவிடும். வேறு யாருக்கும் மலராத முகம்.

அன்று நீர்க்கடுப்பும் காய்ச்சலும். உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டோம்.

“என்னக்கா, மெலிஞ்சு போயிட்டீங்க?”

“மெலிஞ்சனா? கண்ணுல கோளாறு ஒனக்கு. மருமவ சமைக்கிறதத் தின்னா யாருக்கும் ஒடம்பு மெலியும், அது வேற விசயம். எல்லாத்துலயும் ஙப்பிய ஊத்துறா தங்கச்சி. ரசத்துலகூட!”

ரசத்தில் மீன்சாறு என்றதும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அக்கா மகளின் கல்யாணப் பேச்சு, அவர் வாப்பா காயல்பட்டினத்திலிருந்து கப்பல் ஏறிய கதை, என் மூட்டுவலி என்று பேசிக்கொண்டே சல்ஃபா மாத்திரை ஐந்து நாளைக்கு எழுதினேன். டாக்டர் கையெழுத்துப் போட்ட சீட்டில்தான்.

ஐந்து கேள்வியில் முதல் இரண்டும் பேச்சோடு பேச்சாக வந்துவிட்டன. மற்ற மூன்றையும் கேட்கவில்லை. ஒன்பது வருடத்தில் அந்தக் கேள்விகளை நான் தமிழில் கேட்டதே கிடையாது. பர்மிய மொழியில் அவை வாயிலிருந்து தானாக வரும். தமிழுக்கு மாறினால் நான் நர்ஸ் இல்லை, வாசலில் நின்று கதை பேசுகிற பொம்பளை. இது எனக்கு அப்போது தெரியாது. பின்னால் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்தது.

அக்காவைக் கையைப் பிடித்து ஜன்னலுக்கு நானே கூட்டிப் போனேன். ஜன்னலில் நின்ற அந்த ஆள் சீட்டை வாங்கிப் படித்தார். மாத்திரையை எண்ணிக் காகித உறையில் போட்டார். உறையைக் கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். கையைக் கட்டிக்கொண்டு, தலையைத் தாழ்த்தி, மிகவும் மெதுவாகக் கேட்டார்.

“சயாமா, அஞ்சாவது கேள்வி கேட்டாச்சா?”

என் ஆட்கள் யாரும் அதுவரை என்னிடம் கேள்வி கேட்டதில்லை. அதுவும் நோயாளிக்கு முன்னால். அதுவும் நான் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற என் சொந்த நோயாளிக்கு முன்னால். இந்த ஊரில் மூத்தவர் தப்பாக ஊசி ஏற்றினால்கூட இளையவர் வாயைத் திறக்க மாட்டார். திறந்தால் அது உள்ளுக்குள் இருக்கிற வன்மத்தால்தான் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

“எனக்கே பாடமா?” என்றேன். பர்மிய மொழியில், வரிசையில் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் கேட்கும்படி. “இவங்க எங்க ஆளு. இத்தனை வருசமா எனக்குத் தெரியும். இந்த ஜன்னல்ல பேசறதுக்கு ஒங்களுக்கு அனுமதி கெடையாது, மறந்து போச்சா? மருந்தக் குடுங்க.”

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த ஆள் உறையை நீட்டினார், அக்கா வாங்கிக்கொண்டார்.

மூன்றாம் நாள் மத்தியானம் அக்காவை டாக்சியில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அடையாளம் தெரியவில்லை. உதடு வீங்கிப் பிளந்திருந்தது. வாய்க்குள் முழுக்கப் புண். கண் இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. கழுத்திலிருந்து வயிறு வரை தோல் சிவந்து கொப்புளம் கட்டியிருந்தது. இது என்ன என்று பார்த்த கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஜன்னலில் நின்றவருக்கும் தெரிந்தது. அவர்தான் அதே டாக்சியில் ஏறி, குளுகோஸ் பாட்டிலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் போனார். நான் போகவில்லை. கிளினிக்கில் ஆள் வேண்டும் என்று சொல்லிக்கொண்டேன். பயம், வேறொன்றும் இல்லை.

அன்று மாலை டாக்டர் கம்பியிலிருந்து அந்தச் சீட்டை உருவினார்.

“இது ஒங்க எழுத்து.”

“ஆமாம் சயா.”

“கையெழுத்து என்னோடது.”

அவர் சீட்டை நான்காக மடித்தார், கிழித்தார், சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். குப்பைக்கூடைகூட அவருக்கு நம்பிக்கையாகத் தெரியவில்லை போலும்.

“மருந்தக் கையில எடுத்துக் குடுத்தது யாரு?”

சொன்னேன்.

“அவருக்குத்தான் தன் பேரைச் சீட்டுல எழுத ஆசையாச்சே. இதுலயும் எழுதட்டும்.”

அவரைக் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார். சட்டை நனைந்திருந்தது. டாக்டர் ஒரு வெற்றுச் சீட்டை நகர்த்தி, அந்த மருந்தை அந்தத் தேதியிட்டு எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். சத்தம் போடவில்லை. ‘புது ஆள், தெரியாமல் செய்துவிட்டார் என்று சொன்னால் குடும்பத்தார் அடங்கிவிடுவார்கள், நாலு நாளில் எல்லாம் ஓய்ந்துவிடும், வேலைக்கு ஒன்றும் வராது’ என்று தேனாகப் பேசினார்.

அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“நான் எழுதினதுல என் பேரு இல்லாம ஒண்ணு கூட இல்ல சயா. நான் எழுதாததுல போட மாட்டேன்.”

பிறகு காத்திருந்தார். டாக்டருக்காக இல்லை. எனக்காக என்று எனக்குத் தெரியும். ஆனால் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அது எனக்குச் சுலபம். ‘அவர் கேட்டார் சயா, நான்தான் தடுத்தேன்’ என்ற ஒரு வரி போதும். சுவரோரம் இருந்த எடை பார்க்கிற மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதில் முள் பூஜ்யத்தைத் தாண்டிக் கொஞ்சம் நகர்ந்திருந்தது. சரிசெய்யச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அப்படியும் ஒரு புத்தி.

“மதிப்பீட்டுத் தாள் நாளைக்கு என் மேசைக்கு வரணும்” என்றார் டாக்டர், என்னிடம்.

வந்தது. பத்து வரி. நேரத்துக்கு வருகிறாரா, ஆம். சுத்தம், ஆம். எழுத்து தெளிவாக இருக்கிறதா, ஆம். ஆறாவது வரி: ‘மருந்து கொடுக்குமுன் ஒவ்வாமை பற்றிக் கேட்கிறாரா?’ அந்தக் கிளினிக்கில் அக்காவுக்காக அதைக் கேட்ட ஒரே ஆள் அவர். ‘இல்லை’ என்று எழுதினேன். எழுதும்போது கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் இன்று கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். வேலைக்குத் தகுதியில்லை என்று கீழே எழுதி என் கையெழுத்தைப் போட்டேன். ஒன்பது வருடத்தில் என் சொந்தப் பெயரை நான் முழுதாகப் போட்டது அந்தத் தாள்களில் மட்டும்தான்.

படித்துப் பார்த்ததற்கு அடையாளமாகப் பழகுகிறவரும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். அவர் நின்றபடியே படித்தார். ஆறாவது வரிக்கு வந்ததும் நின்று, மறுபடி மேலே போய், மறுபடி வந்தார். பிறகு தன் பேனாவை எடுத்தார். படித்தேன் என்பது உண்மைதானே, அதனால் போட்டார். அதே வட்ட எழுத்து.

“அந்த அம்மா கண்ணத் தொறந்துட்டாங்களா சயாமா?” என்றார்.

“எனக்குத் தெரியாது” என்றேன்.

தலையாட்டிவிட்டு, வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு மழையில் இறங்கிப் போனார். எனக்கு அவரை அப்போதும் பிடிக்கவில்லை. இன்றைக்கும் பிடிக்கவில்லை. தப்பு செய்தவளுக்குத் தப்பில்லாதவனைப் பிடிக்காது என்பதைத் தவிர அதற்கு ஒரு காரணமும் இல்லை.

ஆறு வாரம் கழித்து அக்கா வீடு திரும்பிவிட்டதாகச் சேதி வந்தது. அந்த ஆறு வாரமும் நான் ஒரே நினைப்பைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். கேட்டிருந்தாலும் அவர் ‘இல்லை’ என்றுதான் சொல்லியிருப்பார். முதல் தடவை வருகிற ஒவ்வாமை யாருக்கும் சொல்லிவிட்டு வராது. அதனால் கேட்காதது ஒரு தப்பே இல்லை. தன்லியின் பாலத்தில் பஸ் ஊர்ந்து போகும்போதெல்லாம் இதையே ஜெபம் போலச் சொல்லிக்கொண்டேன். அதை உறுதிசெய்துகொள்ளத்தான் க்யிம்யிண்டைங் போனேன். நலம் விசாரிக்க என்று நடிக்க வேண்டாம்.

கடைக்கு மேலே அவர்கள் வீடு. மருமகள் என்னைக் கையெடுத்துக் கும்பிடாத குறையாக உள்ளே அழைத்துப் போனாள். அந்தப் பர்மாக்காரன் கொடுத்த மருந்தால் வந்த வினை, நல்லவேளை அவனை நீங்கள் துரத்திவிட்டீர்கள் என்று பர்மிய மொழியில் பொரிந்து தள்ளினாள். நான் ‘ம்’ என்றேன்.

அறை பட்டப்பகலில் இருட்டாக இருந்தது. ஜன்னலில் கடைத் தார்ப்பாயைக் கட்டியிருந்தார்கள். வெளிச்சம் பட்டால் அக்காவுக்குக் கண்ணில் மணலைக் கொட்டின மாதிரி எரியுமாம். இனி இப்படித்தான், முழுப் பார்வை வராது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். குரலை வைத்து என்னைக் கண்டுபிடித்தார்.

“வா தங்கச்சி. ஒக்காரு. ஏ புள்ள, வட்டலாப்பம் இருக்குல்ல, கொண்டாந்து குடு.”

மருமகள் இனிப்புக் கிண்ணத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கீழே கடைக்குப் போனாள். நான் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக, அந்தக் கேள்வியைத் தமிழில் கேட்டேன்.

“அக்கா, இதுக்கு முன்னாடி எந்த மருந்தாச்சும் ஒங்களுக்கு ஒத்துக்காமப் போயிருக்கா?”

அக்கா கண்ணிலிருந்து வழிந்ததைத் துணியால் ஒற்றிக்கொண்டார். அது அழுகை இல்லை, எப்போதும் வழிவது.

“போயிருக்கு. மூணு வருசத்துக்கு முந்தி. இதே மாதிரி வெள்ள மாத்தர. ஒதடு வீங்கி, வாயெல்லாம் புண்ணு. இந்த மருந்த இனி தொடாதீங்கன்னு அந்த டாக்டர் சொன்னாரு.”

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேக்கா.”

“அவன் கேட்டானே தங்கச்சி. ஜன்னல்ல. எனக்கு பர்மா பேச்சு தெரியாதா என்ன? அஞ்சாவது கேள்வின்னான், அது என்னன்னு ஒங்க கிளினிக்குல வர்ற எல்லாருக்கும் மனப்பாடம். சொல்லத்தான் வாயத் தொறந்தேன். நீ அவனச் சத்தம் போட்டுட்டே. அம்புட்டுப் பேருக்கு முன்னாடி. அதுக்கப்புறம் நான் சொன்னா ஒனக்குல்ல கொறச்சல்? பர்மாக்காரன் முன்னாடி நம்ம புள்ளயத் தல குனிய வைக்கிறதான்னு விட்டுட்டேன். ஒரு மாத்தர என்ன பண்ணிரும்னு நெனச்சேன்.”

அக்கா இருட்டில் கையை நீட்டித் துழாவி என் முழங்காலைத் தொட்டார்.

“வீட்டுல எல்லார்ட்டயும் அவன்தான் குடுத்தான்னு சொல்லி வச்சிருக்கேன். நீ ஒண்ணும் பயப்படாத.” முழங்காலைத் தட்டிக்கொடுத்தார். “சாப்பிடு, சாப்பிடு. இன்னும் கரண்டிச் சத்தமே கேக்கலயே.”

சாப்பிட்டேன். அவருக்குக் கேட்க வேண்டுமே என்று கரண்டியைக் கிண்ணத்தில் இடித்து இடித்து, கடைசி வரை சாப்பிட்டேன்.